எங்கள் மூன்றாவது காருக்குக் கிடைத்த மரியாதை

எனக்குக் கார் பிடிக்காது. யாராவது புதுக் கார் வாங்கி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, "வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும். மலைப்பாதையில் வாந்தி எடுத்தே வளர்ந்தவள், வளைவு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வளைவுகள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குமட்டலுக்குக் காரணம் எங்கள் அப்பா.

அப்பாவுக்குக் குன்னூரில் கம்பளிக் கடை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா மலையேறி வந்து வைத்த கடை அது. எஸ்டேட்டுகளில் தொழிலாளர்களுக்கு மழைக்குப் போர்த்திக்கொள்ளக் கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். அந்தக் கம்பளிகளைக் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் முக்கியமான வியாபாரம். அவருக்குச் சாப்பாட்டில் ஆசை கிடையாது, துணிமணியிலும் கிடையாது. ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தான் காரில் போகும்போது சாலையில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் காலத்தில், அவர் பத்து வயதுப் பையனாக ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாராம். துரை ஒருவரின் கார் வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், அப்பா எழவில்லை. தாண்டிப் போன கார் நின்று, பின்னாலேயே வந்து, டிரைவர் இறங்கி அப்பாவின் காதைச் சேர்த்து ஓர் அறை விட்டுவிட்டுப் போனானாம். துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கேட்கிறவர்களுக்கு அப்பாமீது இரக்கம் வரும். எனக்கும் வந்ததுண்டு. ஆனால் அறை வாங்கியவனுக்கு அறைந்தவன்மீது கோபம் வர வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கார்மீது ஆசை வந்தது.

புதுக் கார் வாங்குமளவுக்குக் கம்பளி விற்காது. அதனால் ஊரைவிட்டுப் போகிறவர்கள் கழித்துவிட்டுப் போகும் கார்களைத்தான் அப்பா தேடித் தேடி வாங்கினார். முதல் கார் யாரோ வெளிநாட்டுப் பாதிரியார் ஓட்டியது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. மலைப்பாதையில் முன்னால் ஒரு லாரி போனால், எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிற அப்பாவுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வண்டி வந்தால் "வருதுங்க", வராவிட்டால் "வல்லீங்க". கல்யாணமாகி மலைக்கு வந்தபிறகும் காரில் ஏறினால் வாந்தி எடுக்கிற பெண்ணுக்கு என் அப்பா கொடுத்த உத்தியோகம் இது.

பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு "வருதுங்க" என்றாள். அப்பாவுக்கு அது "வல்லீங்க" என்று கேட்டது. லாரியை முந்தினோம். எதிரே பஸ். இரண்டு வண்டிகளும் முட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றன. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து, இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டும் மனிதனையும் வலது பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுக்கும் மனுஷியையும் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அப்பா இறங்கி, வாந்தி பட்ட கதவைத் துடைத்தார். அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கார் பின்பாதி முழுக்க மரத்தால் ஆனது. வெயில் ஊரில் அது அழகாக இருந்திருக்கலாம். குன்னூர் மழையில் ஆறு மாதத்தில் மரம் ஊறி, இடுக்குகளில் காளான் முளைக்க ஆரம்பித்தது. சும்மா சொல்லவில்லை, கதவோரத்தில் வரிசையாக, வெளுத்த, கொழகொழவென்ற காளான்கள். நான் பள்ளிக்கூடம் புறப்படுமுன் அக்கா ஒரு குச்சியை வைத்து அவற்றைச் சுரண்டித் தள்ளுவாள். மறுநாள் பார்த்தால் மறுபடியும் முளைத்திருக்கும். சீட்டுக்கு அடியில் அட்டைகள் குடியிருந்தன. ஒருநாள் வகுப்பில் என் காலுறையிலிருந்து ரத்தம் வழிய, டீச்சர் வேறு என்னவோ என்று நினைத்து என்னைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரித்தாள். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊரில் எங்கள் வீட்டுக்குக் 'காளான் ஊடு' என்றே பெயர் விழுந்துவிட்டது. எழுந்து நிற்பதா? கார் வந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே படுத்துவிடுவார்கள்.

மூன்றாவது கார் கூடலூருக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட் ஏலத்தில் கிடைத்தது. சாம்பல் நிறம். நீளமென்றால் அப்படியொரு நீளம். எங்கள் தெருவில் திருப்ப முடியாமல் ரிவர்ஸிலேயே உள்ளே கொண்டுவந்தார் அப்பா. பின்பக்கம் இரட்டைக் கதவு. பக்கவாட்டுக் கண்ணாடிகளில் பாதி உயரத்துக்குப் பால்வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. பின்னால் சீட்டே இல்லை. தரையில் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள், நடுவில் ஒரு துளை.

அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. "தொரையோட சம்சாரத்துக்கு வெயிலு ஆகாதாமா, அதுக்குத்தான் கண்ணாடிக்குப் பெயிண்டு. இந்தக் கம்பி டீப்பெட்டி ஏத்தறதுக்கு. ஓட்டை, கழுவி உடறதுக்கு."

"டீப்பெட்டிய எதுக்குங்கப்பா கழுவணும்?" என்று அக்கா கேட்டாள்.

"வெள்ளக்காரன் சுத்தம் அப்பிடி" என்றார் அப்பா.

ஒரு பழைய பஸ் சீட்டைக் கொண்டுவந்து அந்தத் தண்டவாளங்கள்மீது போல்ட் போட்டு முடுக்கினார். எங்கள் கால்விரல்கள் அந்த இரும்பு இடுக்கில் மாட்டி நசுங்காத பயணமே கிடையாது. வண்டிக்குள் ஒரு வாடை இருந்தது. பினாயில் வாடை, அதற்குக் கீழே இன்னொன்று, இனிப்பாக, மூக்கின் மேல்பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா அரை பாட்டில் நீலகிரித் தைலத்தைத் தரையில் ஊற்றினார். அதன்மேல் ஈரக் கம்பளி மூட்டைகளை ஏற்றினார். தைலம், ஈரக் கம்பளி, பினாயில், அந்தப் பெயர் தெரியாத இனிப்பு, கடைசியில் எங்கள் வாந்தி. இதில்தான் பரீட்சை லீவு, கோடை லீவு எல்லாவற்றிலும் எங்களைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் போவார்.

வீடு திரும்பியதும் அம்மா எங்களை வாசற்படி ஏற விடமாட்டாள். குன்னூர்க் குளிரில், வெளியிலேயே நிற்கவைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றுவாள். தானும் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வருவாள். வாந்தி நாற்றத்துக்காக என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கிட்டித்துக்கொண்டு நிற்போம்.

முதல் தடவை போனபோது ஊட்டியில் யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. பைக்காராவில் கண்டுகொள்ளவில்லை. நடுவட்டம் இறங்கிக் கூடலூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் தேயிலை வர ஆரம்பித்ததும் அந்த அதிசயம் நடந்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த பெண்கள் எங்கள் காரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கிவைத்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்த டீக்கடையில் பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்தார்கள்.

அப்பாவின் கழுத்து நீண்டது. ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்துப் பாதி உயரத்துக்கு, முழுக்கத் தூக்காமல், அசைக்காமல், அப்படியே காட்டினார். யாரிடம் கற்றாரோ.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம். "காரு எதுன்னு சனங்களுக்குத் தெரியுது. குன்னூர்க்காரனுக்கு என்ன தெரியும், காட்டுப்பய."

அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். அப்பா பட்டப்பகலில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது மைல் வாந்தி எடுத்துவந்த எனக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், உண்மையைச் சொல்லிவிட வேண்டும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சாயம் பூசாத மேல்பாதிக் கண்ணாடி வழியாக நானும் எக்கி எக்கிப் பார்த்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் குடியேறிக்கொண்டிருந்த காலம். நாலாவது, ஐந்தாவது பயணமாக இருக்கும். சாரல் மழை. ஒரு திருப்பத்தில் மாடுகள் குறுக்கே நின்றதால் கார் நின்றது. ஓரத்தில் நின்றிருந்த வயதான அம்மாள் ஒருத்தி, தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு அப்பாவின் ஜன்னலுக்கு வந்தாள்.

"யாருங்கய்யா?" என்றாள், மெதுவாக.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தாரோ.

"நாந்தானுங்க. குன்னூர் கம்பளிக் கடை."

அவள் குழப்பமாகப் பார்த்தாள். "உள்ளுக்கு யாருங்க?"

"என்ற சம்சாரமும் புள்ளைகளும்."

"ஐயோ கடவுளே!" என்று அவள் நெஞ்சில் அறைந்துகொண்டாள். "எல்லாருமா!"

மாடுகள் விலகிவிட்டன. அப்பா காரை எடுத்தார். "என்ன பாசம் பாரு. நம்மளப் பாத்ததுக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றார். நான் மேல்பாதிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் வீலென்று கத்திக்கொண்டு தேயிலைக்குள் ஓடினாள்.

அன்று அப்பா எஸ்டேட் ஆபீசுக்குள் கம்பளி எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாந்தி எடுப்பதற்காகக் காரிலிருந்து இறங்கி நின்றேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் சற்றுத் தள்ளி நின்று என்னையே பார்த்தார்கள். அவர்களில் ஓர் அக்கா தைரியமாகக் கிட்டே வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்ததில் அவளுக்குத் திருப்தி.

"புள்ள, இதுல எப்படி ஏறி வாறீங்க? இது பொண வண்டி" என்றாள்.

கூடலூர் ஆஸ்பத்திரியில் தங்கள் ஆட்கள் யாராவது இறந்துபோனால், அந்தச் சுற்றுவட்டாரத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் இந்த ஒரு வண்டிதான் போய் எடுத்துவருமாம். தண்டவாளம் ஸ்ட்ரெச்சர் ஏற்ற. துளை எதற்கு என்று அவள் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன். அந்தத் தண்டவாளத்தின் நடுவில்தான் நாங்கள் கால் நீட்டி உட்கார்ந்து தக்காளிச் சாதம் தின்றிருந்தோம். வந்த வாந்தி பாதியில் நின்றுவிட்டது. 

"அப்ப இப்பவும் எதுக்கு எந்திரிச்சு நிக்கறீங்க? நாங்கதானே வர்றோம்?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு யாரு இருக்காங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? வண்டியக் கண்டா எந்திரிச்சுருவோம்" என்றாள் அவள். "எங்க அம்மா கடசியா வந்தது இதுலதான்."

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு காரின் பக்கவாட்டை ஒருதரம் கையால் தடவிவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலில் தண்ணீர் ஊற்றும்போது சொன்னேன். அம்மாவின் கை நிற்கவில்லை. "தெரியுங் கண்ணு" என்றாள். அந்தத் தண்டவாளத்தைப் பார்த்த அன்றைக்கே தெரியுமாம். எதற்காகத் தலைக்கு ஊற்றுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீட்டுக் கழிக்கிறாள்.

"அப்பாகிட்டச் சொல்லலியா?"

"சொல்லி? அந்த மனுசன் கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் இல்லீன்னு ஆச்சுன்னா ஊட்டுல நம்மளத்தான் போட்டுக் கொதறுவாரு. வாய மூடிட்டுக் குளி."

அம்மாமீதும் எனக்கு அன்று அருவருப்பு வந்தது. தெரிந்துகொண்டே எங்களை அதில் ஏற்றினாளே. ஆனால் அடுத்த பயணத்துக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் ஏறினேன். ஜனங்கள் எழுந்தார்கள், அப்பா கையைக் காட்டினார், நான் என் பாதங்களைச் சீட்டின்மேல் மடக்கிவைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்பு உள்ள குடும்பம். பையனின் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். கீழ்நாட்டு உறவுகள் சீசன் பார்த்துத்தான் மலைக்கு வருவார்கள். பெண்ணையும் பார்த்தாச்சு, ஊட்டியையும் பார்த்தாச்சு. அக்காவைப் பிடித்திருந்தது. எங்களைத்தான் பிடிக்கவில்லை. பையனின் அப்பா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சுவரில் ஓதம் இறங்கியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பளி ஏவாரமுங்களா?" என்றார். "சரிதானுங்க. ஆனா எங்க பக்கம் சொந்தக்காரங்க கேப்பாங்க, சம்பந்தி ஊட்டுக்கு ஊருல என்ன மதிப்புன்னு."

அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது. அதற்குமுன் வந்த மூன்று இடங்களும் தட்டிப்போயிருந்தன. அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த இடமும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

"மதிப்புதானுங்களே?" என்றார் அப்பா. "நாளைக்கு எங்கூடக் காருல வாங்க. பந்தலூரு வரைக்கும் போயிட்டு வரலாம். நாஞ் சொல்றதில்லீங்க, நீங்களே பாருங்க."

மறுநாள் காலை புறப்பட்டோம். அப்பா புதிதாகத் தைலம் ஊற்றித் துளையின்மேல் ஒரு கம்பளம் விரித்திருந்தார். பையனின் அப்பாவும் அம்மாவும் பின்சீட்டில். அம்மா சமையல் இருக்கிறது என்று நின்றுவிட்டாள். பிளாஸ்க்கைப் பிடிக்கவும் வந்தவர்களுக்கு இடங்களைச் சொல்லவும் நான் முன்சீட்டில். அப்பாவைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரே ஒருத்தர் ஜன்னலுக்கு வந்து "யாருங்கய்யா?" என்று கேட்டுவிட்டால் போதும். பிணம் ஏற்றிய வண்டியில் தங்களைச் சம்பந்தம் பேச ஏற்றினார்கள் என்று பையனின் அம்மாவுக்குத் தெரிந்தால், அக்காவின் கதை அன்றோடு முடிந்தது.

கூடலூர் தாண்டியதும் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மழையிலும் ஜனங்கள் எழுந்தார்கள். டீக்கடை பெஞ்சு எழுந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் துண்டை அவிழ்த்தார்கள். அப்பா கையைக் காட்டினார்.

"அட, ஏனுங்க!" என்றார் பையனின் அப்பா. "எங்க ஊருல கலெக்டர் வந்தாக்கூட இப்பிடி எந்திரிக்க மாட்டாங்க."

"எல்லாம் பழக்கந்தானுங்க" என்றார் அப்பா, அடக்கமாக. அந்த அடக்கம்தான் எனக்குச் சகிக்கவில்லை.

தேவாலா தாண்டி ஒரு பஸ் நிழற்குடை. அதற்கு முன்னால் நாலைந்து ஆண்கள் சாலையின் நடுவில் நின்று கையை ஆட்டினார்கள். அப்பா நிறுத்தும்படி ஆயிற்று. நிழற்குடைக்குள் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கறுப்புக் கம்பளியில் சுற்றிய ஒன்று. கம்பளியின் ஓரத்தில் சிவப்புக் கோடு. எங்கள் கடைக் கம்பளி.

ஓர் ஆள் ஓடிவந்து என் ஜன்னலில் குனிந்தார். முகத்தில் மழை வழிந்தது. ஆனால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "நம்ம வண்டி வந்துருச்சு" என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு அப்பாவிடம் பேசினார்.

"ஐயா, ஆஸ்பத்திரிலருந்து ஜீப்புல இம்புட்டுத் தூரம் கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டாங்க. மேல எங்க லயத்து வீட்டுக்கு மூணு மைலு ஏறணும். மண்ணு சரிஞ்சு கெடக்கு, தோள்ல தூக்க முடியல. நம்ம வண்டிதானேங்கய்யா. ஏத்திக்கிட்டீங்கன்னா இருட்டுறதுக்குள்ள எடுத்துருவோம்."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, சாயம் பூசிய கண்ணாடி வழியாக நிழற்குடைத் தரையும் தெரிந்திருக்காது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கணக்குப் போடுகிற முகம் இருந்தது. அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா, முதலிலேயே தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்டு, தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"என்னவாமுங்க?" என்றார் பையனின் அப்பா பின்னாலிருந்து.

"அவங்க ஊட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுத்தான் போகோணும்னு நிக்கறாங்க" என்றார் அப்பா.

"அட, பாவமே" என்றாள் பையனின் அம்மா. "இந்த மழையில நனைஞ்சுட்டு நின்னு கூப்புடறாங்களே. ஒரெட்டு எறங்கி வாய நனைச்சுட்டுப் போலாமுங்க."

"இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க. மழ புடிச்சுக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா என் பக்கம் திரும்பாமலே, "அம்முணி, கண்ணாடிய ஏத்து" என்றார்.

அந்த ஆள் ஜன்னல் விளிம்பில் கை வைத்திருந்தார். விரல்கள் நனைந்து வெளுத்திருந்தன. நான் கைப்பிடியைச் சுற்றினேன். கண்ணாடி மேலே வந்து விரல்களைத் தொட்டதும் அவர் கையை எடுத்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டவில்லை. புரியாமல் பார்த்தார். கார் நகர்ந்தபோது நிழற்குடையில் இருந்த பெண் எழுந்து நின்றிருந்தாள், வண்டியில் ஏறுவதற்கு.

அந்தப் பெண் என்ன செய்தாள், அந்த மூன்று மைல் எப்படி ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்காகத்தான் கண்ணாடியை ஏற்றினேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிதான் உண்மை. பிணம் என் பக்கத்தில் ஏறிவிடக் கூடாது என்ற அருவருப்பும் அந்தக் கையைச் சுற்ற வைத்தது. அப்பாவைக் குறை சொல்லும்போதெல்லாம் அந்த வெளுத்த விரல்கள் என் கண்முன் வந்து நிற்கும்.

திரும்பும் வழியில் பையனின் அப்பா, "நல்ல மதிப்புங்க உங்களுக்கு. நாங்க பாத்துட்டோம். இனி மேக்கொண்டு பேசலாமுங்க" என்றார். ஊட்டியில் நிறுத்தி வர்க்கி வாங்கிக்கொடுத்தார்கள். நான் தின்றேன். வாந்தி வரவில்லை. அந்தக் காரில் எனக்கு வாந்தி வராத பயணம் அது ஒன்றுதான். அக்காவின் கல்யாணம் தை மாதம் நல்லபடியாக நடந்தது. பொள்ளாச்சியில் அவள் இன்றும் சௌக்கியமாக இருக்கிறாள். இந்தக் கதை அவளுக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்து மறுபடி கம்பளி கொடுக்கப் போகும் நாள் வந்தது. அப்பா என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார். புதுச் சம்பந்தி எடுத்துக்கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார். கூடலூர் தாண்டினோம். தேயிலை ஆரம்பித்தது. அப்பா வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

முதல் வளைவில் பெண்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். காரைப் பார்த்தார்கள். தொடர்ந்து தின்றார்கள். டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் காலை நீட்டிக்கொண்டார்கள். யார் தலைத்துண்டும் அவிழவில்லை. அப்பாவின் கை பாதி உயரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடைமேல் இறங்கியது.

அடுத்த திருப்பத்தில் ஓரமாக ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா காரை மெதுவாக்கினார். ஹாரன் அடித்தார். ஒருத்தியும் அசையவில்லை. மறுபடி அடித்தார், நீளமாக. அவர்கள் நடுவில் என் கையைத் தொட்டுப் பார்த்த அந்த அக்கா இருந்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாயிலிருந்த வெற்றிலையைச் சாலையில் துப்பிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன சனமோ, மட்டு மரியாதையே தெரியல" என்று சொல்லிக்கொண்டு அப்பா மூன்றாவது தடவை ஹாரன் அடித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வெற்றிலை எச்சில் அப்பாவுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.